எக்ஸ் போட்ட வீடு

போலியோ சொட்டு மருந்து முகாம் ஞாயிற்றுக்கிழமை நடக்கும். முகாமுக்கு வராத பிள்ளைகளைத் தேடி அடுத்த நாட்களில் வீடு வீடாகப் போக வேண்டும். அந்த நாட்களில் அம்மாவின் பையில் சாக்பீஸ் கிடக்கும். ஐந்து வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் மருந்து போட்டாயிற்று என்றால் கதவோரச் சுவரில் 'பி' என்று எழுதுவார். ஒரு பிள்ளை விட்டுப்போயிருந்தாலும், வீடு பூட்டிக் கிடந்தாலும் 'எக்ஸ்'. எக்ஸ் போட்ட வீட்டுக்கு மறுபடி போயாக வேண்டும், அது விதி. பள்ளி விடுமுறை என்றால் நானும் கூடப் போவேன். வெயிலில் அதே தெருவில் மறுபடி நடக்கும்போது எனக்கு எரிச்சலாக இருக்கும். "ஒரு தடவ போறது விசாரிப்பு. ரெண்டாந்தடவ போறதுதான் வைத்தியம்" என்பார் அம்மா.

அம்மா கிராம சுகாதார செவிலியர். வேதாரண்யம் பக்கம், ஒரு துணை சுகாதார நிலையத்தில் வேலை. 1980களின் தொடக்கத்தில் சேர்ந்தபோது அது தஞ்சாவூர் மாவட்டம். 1991-ல்தான் நாகப்பட்டினம் தனி மாவட்டமானது. சமவெளிப் பகுதியில் 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம் என்று கணக்கு. அந்த 5,000 பேரில் யார் கர்ப்பம், யாருக்கு எத்தனையாவது மாதம், எந்தக் குழந்தை எடை ஏறவில்லை, எந்தக் கிழவருக்குச் சளியில் ரத்தம் என்பதெல்லாம் அவர் நோட்டில் இருக்கும். நிலையத்துக்குப் பின்னாலேயே ஓர் அறை, ஒரு சமையல்கட்டு. அதுதான் எங்கள் வீடு. அப்பா உப்பளத்தில் கணக்கு எழுதினார். நானும் தம்பியும் அந்த வீட்டில்தான் வளர்ந்தோம்.

செவிலியர் என்றால் வெள்ளை உடையில் வார்டில் நிற்பவர் என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். அம்மாவுக்கு வார்டே கிடையாது. தெருதான் வார்டு. புதன்கிழமை தடுப்பூசி. காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து மருந்துப் பெட்டி வரும். அதற்குள் இருக்கும் ஐஸ் பேக்கைக் கையில் எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்ப்பார். உள்ளே கொஞ்சம் தண்ணீர் சலசலக்கும் சத்தம் கேட்க வேண்டும். இறுகிய பனிக்கட்டியாக இருந்தால் சில தடுப்பு மருந்துகள் உறைந்து வீணாகிவிடும். வெயிலில் கெடுவது எல்லோருக்கும் தெரியும், குளிரிலும் கெடும் என்பது பலருக்குத் தெரியாது. இது எனக்கு எட்டு வயதிலேயே தெரியும்.

அவர் கேள்வி கேட்கும் விதத்தைத்தான் இன்றைக்கும் வியப்போடு நினைத்துக்கொள்கிறேன். இரும்புச்சத்து மாத்திரை வாங்கிப்போன கர்ப்பிணியிடம் "மாத்திரை சாப்பிடுறியா?" என்று கேட்கவே மாட்டார். கேட்டால் எல்லோரும் "சாப்பிடுறேன்" என்றுதான் சொல்வார்கள். "மீதி எத்தனை இருக்கு, எடுத்துட்டு வா புள்ள" என்பார். அப்புறம், "மலம் கறுப்பா போகுதா?" என்பார். இரும்பு மாத்திரை சாப்பிட்டால் அப்படித்தான் போகும். இல்லை என்று பதில் வந்தால் மாத்திரை பரணில் இருக்கிறது என்று அர்த்தம். திட்ட மாட்டார். குமட்டுகிறதா, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு போடு என்பார். டீ குடித்த கையோடு போடாதே, இரும்பு உடம்பில் ஒட்டாது என்பார். நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்துக்கொள், கால்சியம் மாத்திரையைத் தனியாக வேறு வேளையில் போடு. இதையெல்லாம் மாமியாரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் சொல்வார். வீட்டில் டீ போடுவது யார், சோறு போடுவது யார் என்பது அவருக்குத் தெரியும்.

இன்னொன்று, "வேற?" என்ற அந்த ஒற்றைச் சொல். வந்தவர் தலைவலி, கால்வலி என்று சொல்லி முடித்ததும் "வேற?" என்பார். ஒன்றுமில்லை என்பார்கள். சும்மா இருந்துவிட்டு, அவர்கள் எழுந்து செருப்பை மாட்டும்போது மறுபடி "வேற?" என்பார். வந்த உண்மையான காரணம் அப்போதுதான் வெளியே வரும். நாள் தள்ளிப்போனது, புருஷன் அடித்தது, மார்பில் தட்டுப்படும் கட்டி எல்லாம் செருப்பு மாட்டும்போதுதான் வரும். வீட்டில் வயதானவர்களைக் கவனிக்கிற யாரும் இதைச் செய்து பார்க்கலாம். முதல் பதிலை வாங்கிக்கொண்டு எழுந்துவிடாதீர்கள்.

எங்களிடமும் அதே "வேற?"தான். ராத்திரி எட்டரைக்கு வேலை முடிந்து வந்து, எங்கள் தலையில் எண்ணெய் தடவியபடி பள்ளிக் கதையைக் கேட்பார். ஆனால் எல்லா ராத்திரியும் அப்படிக் கிடைக்கவில்லை. கதவு தட்டப்படும், டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்விடுவார். 108 ஆம்புலன்ஸ் எல்லாம் 2008-ல்தான் வந்தது. அதற்கு முன்னால் மாட்டு வண்டி, வாடகைக் கார், சில நேரம் மீன் ஏற்றும் வண்டி. நான் பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சைக்குப் போன காலையில் அம்மா வீட்டில் இல்லை. முந்தின ராத்திரி ஒரு பெண்ணுக்குக் கால் வீங்கி, தலைவலி வந்து, கண் மங்குகிறது என்று சொன்னதும் அவளை அழைத்துக்கொண்டு நாகப்பட்டினம் போயிருந்தார். அது கர்ப்ப காலத்து ரத்தக் கொதிப்பு முற்றி வலிப்பில் போய் முடியக்கூடிய நிலை என்று எனக்குப் பிறகுதான் தெரியும். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், தம்பி வைத்த ஆறிப்போன உப்புமா. பல வருஷம் அந்தக் கோபம் எனக்குள் இருந்தது. அம்மாவிடம் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம். அவர் "வேற?" என்று கேட்ட எத்தனையோ ராத்திரிகளில் "ஒன்னுமில்லம்மா" என்றே சொல்லியிருக்கிறேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் சுனாமியில் இறந்தார்கள். எங்கள் ஊர் கடலிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. அம்மா கவனித்துவந்த கடலோர மீனவ ஊர் அப்படி இல்லை. அன்று காலை பத்து மணிக்குக் கிளம்பிப் போனவர் நாலாம் நாள்தான் வீட்டுக்கு வந்தார். முகாம்களில் குழந்தைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி, வைட்டமின் ஏ, தண்ணீர்த் தொட்டிகளில் பிளீச்சிங் பவுடர், அரை மணி நேரம் கழித்து அந்தத் தண்ணீரில் கொஞ்சம் எடுத்து, குளோரின் இருப்பதைக் காட்டும் சோதனைத் திரவத்தைச் சொட்டு விட்டு மஞ்சள் நிறம் வருகிறதா என்று பார்ப்பது. பிளீச்சிங் வாடை அடிக்கிறது, குடிக்க முடியவில்லை என்று முகாமில் சத்தம் போட்டார்களாம். "அந்த வாடதான் இன்னிக்கு நம்ம காவல்" என்று சொல்லி, எல்லோர் முன்னாலும் ஒரு சொம்பு குடித்துக் காட்டியிருக்கிறார்.

ஆனால் அம்மா அந்த நாட்களைப் பற்றிப் பேசும்போது பிளீச்சிங் பவுடரைப் பேச மாட்டார். அந்த ஊரில் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்ட பெண்களில் முக்கால்வாசிப் பேரை அழைத்துப் போனவர் அம்மாதான். ஒரு காலத்தில் அதற்கு மாதக் கணக்கு உண்டு. இத்தனை பேர் என்று இலக்கு வைப்பார்கள். அம்மா இலக்குக்காக மட்டும் போகவில்லை. நாலாவது, அஞ்சாவது பிரசவத்தில் பெண்கள் செத்துப்போவதைப் பார்த்தவர். "ரெண்டு போதும் தாயி, உன் உடம்பப் பாரு" என்று வீடு வீடாகச் சொன்னவர். அப்படி ரெண்டோடு நிறுத்திக்கொண்ட ஒரு பெண்ணின் ரெண்டு பிள்ளைகளையும் அன்று கடல் கொண்டுபோனது.

முகாமில் அம்மாவைப் பார்த்ததும் அந்தப் பெண் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். கோபமாக எதுவும் சொல்லவில்லை. "நீங்கதானே நர்ஸம்மா கூட்டிட்டுப் போனீங்க" என்று மட்டும் சொன்னாளாம். அம்மாவுக்கு வாயில் வார்த்தை வரவில்லை. அந்தக் கையை விடாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். எவ்வளவு நேரம் என்று அவருக்கே தெரியவில்லை.

சில வாரங்களில், பிள்ளைகளை இழந்த பெண்களுக்குக் கருக்குழாயை மறுபடி இணைக்கும் அறுவை சிகிச்சை இலவசம் என்று அரசு அறிவித்தது. அறிவிப்பு வந்த மறுநாளே அம்மா நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். எந்த வருஷம் யாருக்கு ஆபரேஷன், எந்த முறையில் செய்தார்கள், இப்போது அவளுக்கு என்ன வயது என்று பழைய பக்கங்களைப் புரட்டித் தனித்தாளில் எழுதினார். குழாய் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, எப்படிக் கட்டினார்கள், வயது என்ன என்பதையெல்லாம் பொறுத்துத்தான் பலன். இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். "ஒரு தடவ நம்பிக்கை கொடுத்து ஏமாந்துபோய்ட்டாங்க. இன்னொரு தடவ நான் பொய் சொல்லக் கூடாது" என்று அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. நாலு பேரை அழைத்துப் போனார். அவர்களில் இருவருக்குக் குழந்தை பிறந்தது. கையைப் பிடித்துக்கொண்ட அந்தப் பெண்ணுக்குப் பிறக்கவில்லை.

அவள் வீட்டுக்கு அம்மா போவதை நிறுத்தவில்லை. மாசம் ஒரு தடவை, ஓய்வு பெற்ற பிறகும். கணக்கில் வராத வேலை அது. அங்கே போய் என்னம்மா பேசுவீங்க என்று ஒருநாள் கேட்டேன். ஒன்றும் பேசுவதில்லையாம். மீன் ஆய்ந்துகொண்டிருப்பாள், அம்மாவும் ஒரு அரிவாள்மணையை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆய்வாராம். துக்கம் நடந்த வீட்டில் என்ன சொல்வது என்று தெரியாமல் நாம் போகாமலே இருந்துவிடுகிறோம். அம்மாவுக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. அதனால் வேலையில் கை வைத்தார்.

2014-ல் ஓய்வு பெற்றார். அதே வருஷம் மார்ச் 27 அன்று இந்தியா அடங்கிய தென்கிழக்கு ஆசிய வட்டாரத்தைப் போலியோ இல்லாத வட்டாரமாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது அம்மா அடுப்படியிலிருந்து வந்து, கரண்டியைப் பிடித்தபடியே நின்று கடைசி வரை கேட்டார். பூட்டிய வீடுகளுக்குத் திரும்பித் திரும்பி நடந்த அவர் கால்களை நான் அப்போது பார்த்தேன். குதிகால் முழுக்க வெடிப்பு.

ஓய்வுக்குப் பிறகு சும்மா இருக்கத் தெரியவில்லை. 2018 நவம்பர் 16 விடியாத நேரத்தில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. தென்னை, மா, முந்திரி எல்லாம் வேரோடு சாய்ந்தன. எங்கள் பகுதியில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. எல்லோரும் கூரையையும் தண்ணீரையும் பற்றிக் கவலைப்பட்டபோது அம்மாவுக்கு வந்த முதல் யோசனை இன்சுலின். தெருத்தெருவாகப் போய் சர்க்கரை நோயாளிகளை விசாரித்து, மருந்தைக் குளிர்ச்சியாக வைக்க மண்பானை வைத்துக் கொடுத்தார். பெரிய பானைக்குள் சின்னப் பானை, நடுவில் ஆற்று மணல், மணலில் தண்ணீர் ஊற்றி நிழலில் வைப்பது, மேலே ஈரத்துணி. இன்சுலின் புட்டியைத் தண்ணீர் படாமல் ஒரு டப்பாவில் போட்டு உள்ளே வைக்க வேண்டும். ஃபிரிட்ஜ் அளவுக்குக் குளிராது, ஆனால் வெளி வெப்பம் தாக்காமல் காக்கும். மணல் காய்ந்தால் பயனில்லை, அதனால் தினமும் இருவேளை தண்ணீர் விட வேண்டும். விட்டார்களா என்று பார்க்க மறுநாளும் போனார்.

இப்போது சொல்லப்போவதுதான் எழுதக் கஷ்டமானது. இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

2020-ல் அம்மாவுக்கு ரத்தப்போக்கு வந்தது. மாதவிடாய் நின்று பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று நூற்றுக்கணக்கான பெண்களுக்குச் சொன்னவர் அவர். தனக்கு வந்தபோது ஏழு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. முதலில் கொரோனா ஊரடங்கு, ஆஸ்பத்திரிப் பக்கம் போக முடியாது என்றார். அப்புறம் தெருவில் தனியாக இருந்த முதியவர்களுக்கு மாத்திரை வாங்கிக் கொடுக்கும் வேலை. கடைசியில் துவைத்துக் காயப்போட்ட துணியைப் பார்த்து நான்தான் கேட்டேன். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், மூன்றாம் நிலை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயது தாண்டிய பெண்களுக்கு இந்த நோய்க்கான பரிசோதனை இலவசமாக நடக்கிறது. தன் பகுதிப் பெண்கள் அத்தனை பேரையும் அனுப்பிவைத்திருக்கிறார். தான் ஒருநாளும் செய்துகொண்டதில்லை. ஏன் என்று கேட்டேன். "அன்னிக்கெல்லாம் வரிசையில மத்தவங்க நின்னாங்க" என்றார்.

எனக்கு அம்மா மேல் இதில் மட்டும் வருத்தம் இருக்கிறது, இப்போதும். பிறருக்காக ஓடுபவர்களை நாம் கொண்டாடுகிறோம். அவர்களிடம் "நீங்க செக்கப் பண்ணிக்கிட்டீங்களா?" என்று கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. உங்கள் வீட்டிலோ தெருவிலோ செவிலியரோ அங்கன்வாடிப் பணியாளரோ, எல்லோருக்கும் ஓடி உதவும் ஓர் அக்காவோ இருந்தால் அவரிடம் கேளுங்கள். ஒரு தடவை கேட்டால் "ஆச்சு, ஆச்சு" என்பார்கள். சீட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

அரசு மருத்துவமனையில் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்தோம். ஒரு வருஷம் நன்றாக இருந்தார். 2022-ல் நோய் திரும்பியது. இனி வலியில்லாமல் வைத்திருப்பதுதான் வழி என்று டாக்டர்கள் சொன்னார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி நிவாரணப் பராமரிப்புச் செவிலியர் ஒருவர் வீட்டுக்கே வந்தார். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. முதல் நாள் பார்த்துவிட்டு அடுத்த வாரம் வருகிறேன் என்று சொன்னவர், மூன்றாம் நாளே மறுபடி வந்து நின்றார். இந்தப் பக்கம் வேறு வீட்டுக்கு வந்தேன், பார்த்துட்டுப் போகலாம்னு என்றார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "இது நல்ல நர்ஸு" என்றார்.

அந்த மாதங்களில் கற்றதைச் சொல்லிவிடுகிறேன். மார்ஃபின் என்ற வலி மாத்திரையைச் சொன்னதும் எங்கள் சொந்தக்காரர்கள் பயந்தார்கள், பழக்கமாகிவிடும் என்றார்கள். டாக்டர் சொன்ன அளவில் புற்றுநோய் வலிக்குக் கொடுத்தால் அந்தப் பயம் வேண்டியதில்லை. வலி வந்த பிறகு கொடுப்பதைவிட, மணி தப்பாமல் கொடுப்பதுதான் முக்கியம். மார்ஃபினால் பெரும்பாலும் மலச்சிக்கல் வரும், முதல் நாளிலேயே அதற்கும் மருந்து கேட்டு வாங்கிவிடுங்கள். நாங்கள் ஒரு வாரம் கழித்துத்தான் கேட்டோம், அந்த ஒரு வாரம் அம்மா பட்ட பாடு தேவையில்லாதது. படுத்த படுக்கையில் இருப்பவரை ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இழுக்காமல் தூக்கி. குதிகால், இடுப்பெலும்பு, முதுகின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் தோல் சிவந்திருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது. இதையும் அம்மாவே படுத்தபடி சொல்லிக் கொடுத்தார். "தேய்க்காத புள்ள, சும்மா பாரு" என்பார். நான் நோயாளியின் மகளாக இருந்தேன், அவர் கடைசி வரை செவிலியராகவே இருந்தார்.

ஒரு ராத்திரி அவர் காலைப் பிடித்துவிட்டபடி உட்கார்ந்திருந்தேன். "வேற?" என்றார். அந்தக் கணக்குப் பரீட்சைக் காலையைச் சொன்னேன். இருபத்துச் சொச்சம் வருஷம் கழித்து. அம்மா கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. "உப்புமா ஆறிப்போயிருக்குமே" என்றார். அப்புறம், அந்தப் பெண்ணுக்கு அன்று பிறந்த பையன் இப்போது திருவாரூரில் கடை வைத்திருக்கிறான் என்றார். இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னார்.

2023 ஜனவரியில், பொங்கலுக்கு நாலு நாள் முன்னால், விடியற்காலை நாலரைக்கு அம்மா போனார். கண்களைக் கொடுக்க வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார். புற்றுநோய் வந்தவர் கொடுக்க முடியாது என்று உறவினர்கள் சொன்னார்கள். ரத்தப் புற்றுநோய் போன்ற சில வகைகளில்தான் தடை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு இல்லை என்று அம்மாவே டாக்டரிடம் கேட்டு வைத்திருந்தார். ஆறு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். கண் வங்கிக்குத் தம்பி போன் செய்தான். நான் மின்விசிறியை நிறுத்தினேன், இமைகளை மூடி மேலே ஈரப் பஞ்சை வைத்தேன், தலைக்கு இரண்டு தலையணை வைத்து உயர்த்தினேன். வந்தவர்கள் இருபது நிமிஷத்தில் வேலையை முடித்தார்கள். முகத்தில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. இதை எழுதக் காரணம், அந்த நேரத்தில் வீட்டில் யாருக்காவது என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். அழுதுகொண்டே செய்யலாம், முடியும்.

மத்தியானத்துக்குள் தெரு நிறைந்துவிட்டது. கடலோர ஊரிலிருந்து அந்தப் பெண்ணும் வந்திருந்தாள். தலைமாட்டில் உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். எடுக்கும்வரை விடவில்லை.

அந்த வருஷம் மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் நான் பரிசோதனை செய்துகொண்டேன். கர்ப்பப்பை வாயில் ஒரு திரவத்தைத் தடவி, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். வெட்டுவதில்லை, ஊசி இல்லை, சில நிமிஷம்தான். கூச்சமாக இருந்தது, வலிக்கவில்லை. ஒன்றுமில்லை என்று சீட்டு கொடுத்தார்கள். என் பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது. 9 முதல் 14 வயதுக்குள் இந்தப் புற்றுநோய்க்கான தடுப்பூசியைப் போடுவது நல்லது என்று டாக்டர் சொன்னார், போட்டுவிட்டோம். எதிர்வீட்டு அக்காவையும் கூப்பிட்டேன். அவருக்கு ஐம்பது வயது, ஒரு தடவைகூடப் பரிசோதனை செய்ததில்லை. "பார்க்கலாம்மா, இந்த வாரம் ஆள் வச்சு நெல் அவிக்கிறோம்" என்றார்.

அடுத்த செவ்வாய் மறுபடி போனேன். தலைவலி என்று படுத்திருந்தார். அதற்கடுத்த செவ்வாய் வீடு பூட்டியிருந்தது.

நாளைக்குச் செவ்வாய்.